பாலையடிக்குளத்துப் பெட்டி பேசாத நாள்

ஒன்றும் சொல்லாமல் இருப்பதை, எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ளலாமா? யதுர்ஷிகாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிவந்தது போலிருக்கிறது. அவள் அதை ஒருநாளும் கேள்வியாகக் கேட்டவளல்ல. கணினியில் ஒரு வரியாக எழுதினாள், அவ்வளவுதான்.

விசுவமடுக்காரி. கிளிநொச்சியில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வேலை. ஆள் இருந்து திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய காரியங்களை, பைதனில் ஸ்கிரிப்ட் எழுதிக் கணினியையே செய்யவைப்பாள். கடைகளின் கணக்கைப் பிரதி எடுப்பது, விழுந்த சேர்வரை எழுப்பிவிடுவது போன்ற வேலைகள். அவளுடைய ஸ்கிரிப்டுகள் அழகானவை என்று சொல்லமுடியாது. ஆனால் இடையில் நின்றுபோகாதவை.

அவற்றில் ஒன்று, நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரம் இருக்கும் பாலையடிக்குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு, குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசடியில் ஒரு பெட்டி பொருத்தியிருந்தது. பெட்டி நீர்மட்டத்தை அளந்து அனுப்பும். மட்டம் எல்லையைத் தாண்டினால், குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பங்களுக்கு ஸ்கிரிப்ட் தானாகவே அழைப்பெடுத்து, குளம் நிரம்புகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லும்.

முதல் மாரியில், பெட்டியிடமிருந்து அளவு வராமல் போனாலும் அழைப்புப் போனது. காட்டோரத்தில் சிக்னல் வரும், போகும். ஒருநாள் வெறும் சிக்னல் கோளாறுக்கு ஊரே பையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்தில் போய் நின்றது. போரில் ஓடிப் பழகிய சனம். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த அமளியில் கன்றைத் தொலைத்த கமலாசனி, மறுநாள் பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“ஏன் பிள்ளை, உன்ர பெட்டிக்குத் தடிமன் பிடிச்சாலும் நாங்கள் ஓடவேணுமோ?”

அன்று பின்னேரமே யதுர்ஷிகா ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். புதிய அளவு வராவிட்டால், கடைசியாக வந்த அளவையே வைத்துக்கொள். இரக்கத்தால் எழுதிய வரி. அதனாலேயே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மார்கழியில் மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம், திரையில் பாலையடிக்குளத்தின் கோடு நேராகக் கிடப்பதை அவள் கவனித்தாள். இந்த மழைக்குள் ஒரு குளம் இப்படி அசையாமல் கிடக்குமா? பெட்டி அனுப்பிய அளவுகளைத் திறந்து பார்த்தாள். காலையிலிருந்து ஒன்றுமே வரவில்லை. இவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது குளத்தையல்ல, தன் வரியை.

துருசைப் பார்த்துக்கொள்ளும் ஏரம்புவுக்கு அழைப்பெடுத்தாள். தொடர்பு இல்லை. பக்கத்து மேசையில் இருந்த பிரதாபன் எட்டிப் பார்த்தான். அவன் அந்தப் பக்கத்து ஆள்.

“அக்கா, காலமை அங்கால நல்ல இடியாம். இடியெண்டால் ஏரம்பு அண்ணை வீட்டில ஒரு பிளக் விடமாட்டேர், எல்லாத்தையும் கழட்டிப்போடுவர். பெட்டிக்குக் கரண்ட் அவற்ற வீட்டில இருந்துதானே போகுது?”

அவள் வீட்டிலும் இடிக்கு அதைத்தான் செய்வார்கள். பெட்டி எந்த நாளுக்காக வைக்கப்பட்டதோ, அந்த நாளில்தான் வாயை மூடும்.

ஊருக்கு அழைப்பு அனுப்பப்போவதாக அவள் சொன்னதும், நிறுவனத்தை நடத்தும் கதிர்காமநாதன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“இன்னொருக்கா சும்மா ஓடவிட்டால், பிறகு உண்மையா வந்தாலும் ஒருத்தரும் அசையாயினம். தண்ணி கூடியிட்டுதெண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியாது சேர்.”

“தெரியாமல் என்னெண்டு அனுப்புறது?”

“தெரியாதெண்டதைத்தான் சேர் அனுப்பப்போறன்.”

அவருடைய அனுமதிக்கு அவள் காத்திருக்கவில்லை. குளம் நிரம்புகிறது என்ற பழைய குரலை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அது அவளுக்குத் தெரியாத விடயம். தொலைபேசியை வாயருகே பிடித்துத் தன் குரலைப் பதிந்தாள்.

“பாலையடிக்குளத்து மட்டம் எங்களுக்குத் தெரியேல்லை. காலமை தொட்டுப் பெட்டி பேசேல்லை. பிள்ளையளோட மேட்டுக்குப் போங்கோ. பிழையெண்டால் என்னை ஏசுங்கோ.”

ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். அவசரத்தில் கோப்பின் பெயர் பிழையாகி, அது நின்றுவிட்டது. திருத்தினாள். இந்தமுறை ஓடியது.

முதலில் திருப்பி அழைப்பெடுத்தது கமலாசனி.

“ஆர் கதைக்கிறது, பெட்டியோ, நீயோ?”

“நான்தான் அன்ரி.”

“உனக்கு ஒண்டும் தெரியாதாம், அதுக்கு நாங்கள் ஓடவேணுமாம்! நல்ல கதை! போன முறை கண்டைத் துலைச்சன். இந்த முறை மாட்டையும்…”

பேச்சு நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அன்ரி?”

“பிள்ளை, பின் வளவுக்குள்ள தண்ணி வருது. செக்கச் சிவப்பாய்க் கிடக்கு.”

“கட்டு கரையுது அன்ரி. ஒண்டையும் எடுக்காதேங்கோ. போங்கோ!”

தொடர்பு அறுந்தது. அதன்பிறகு அவள் யாரை அழைத்தாலும் மணி போகவில்லை. திரையில் கோடு அதே நேராகக் கிடந்தது. பிரதாபன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப்போனது.

பொழுதுபட, யாருடையதோ தொலைபேசியில் ஏரம்பு வந்தார். துருசுக்குப் பக்கத்தில் கட்டு உடைந்துவிட்டது. வயல் போய்விட்டது, கீழ்வீடுகளுக்குள் தண்ணீர். சனம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில்.

“எல்லாரும் நிக்கினமோ அண்ணை?”

“ஓம், எல்லாரும். கமலாசனி மாட்டோட நிக்கிறா, சொன்னாக் கேட்டால்தானே.” பிறகு, “நான்தான் தங்கச்சி கழட்டினனான். இடியெண்டு…” என்றார்.

“நீங்கள் இல்லை அண்ணை. நான் எழுதின வரி.”

ஊரார் அவளைப் புகழ்ந்தார்கள். அதில் பாதிக்குத்தான் அவள் உரியவள். அன்று அவள் குளத்தை மறிக்கவில்லை. தன் வரி போட்ட கண்கட்டை அவிழ்த்துவிட்டாள். ஆனாலும் தெரியாது என்பதை உரத்துச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அது அவளிடம் இருந்தது.

வரியை அழித்தாள். இனிப் பெட்டி பேசாவிட்டால் யாருக்குச் சொல்வது? ஊருக்குச் சொன்னால் பழைய ஓட்டம். ஏரம்புவுக்கும் அலுவலகத்துக்கும் போகட்டும் என்றார் கதிர்காமநாதன். வரி எழுதியவள் தான் என்பதால், அவள் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தை மட்டும் போட்டாள்.

அடுத்த ஆண்டு கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் அவளை எடுத்தது. கடவுச்சொற்கள், சேர்வர்கள் எல்லாவற்றையும் பிரதாபனிடம் ஒப்படைத்தாள்.

“அக்கா, குளத்து ஸ்கிரிப்டில உங்கட நம்பர் கிடக்குது. என்ரயைப் போடட்டோ?”

“வேண்டாம், கிடக்கட்டும்.”

“கொழும்பில இருந்துகொண்டு என்ன செய்வீங்கள்?”

“பெட்டி பேசாட்டி, ஏரம்பு அண்ணையைக் கேப்பன்.” அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அந்த இலக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.