குருதைப் பாதையில் பதில் குரல்

உதட்டில் விரலை வைத்து "ஸ்ஸ்..." என்றான் அவன். என் வயதுதான் இருக்கும். தலைக்கவசம், முழங்காலில் உறை, சட்டை முதுகில் ஏதோ ஒரு சைக்கிள் சுற்றுலாக் கம்பெனியின் பெயர். பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதையில், பலாமரத்து முக்கில் நின்று, பிறந்ததிலிருந்து கொடுக்கும் குரலைக் கொடுத்திருந்தேன். அதற்குத்தான் இந்த "ஸ்ஸ்".

"ஏனுங்க மேடம், இது சைலன்ட் ட்ரெயிலுங்க. போர்டு பாக்கலீங்களா?"

பார்த்தேன். 'பாரம்பரிய வனப்பாதை. அமைதி காக்கவும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு குதிரைப் படம் போட்டிருந்தார்கள். குதிரைக்குச் சிரித்த முகம்.

உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். சத்தம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் இடத்தில் சத்தம் அளப்பதுதான் என் வேலை. எது இரைச்சல், எது இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவள் நான். அந்தக் கையெழுத்து இந்தக் காட்டில் செல்லாது என்பது வேறு விஷயம்.

அவன் சைக்கிளிலிருந்து சங்கிலி எண்ணெய் நாற்றம் வந்தது. இந்த முக்கில் எனக்கு நினைவிருக்கும் வாசனை வேறு. லயத்துக்கு வர்க்கி விற்க வரும் செபஸ்தி அண்ணன் தலையில் பெட்டியோடு வருவதற்கு முன்னால் அந்த வறுத்த மாவு வாசனை வந்துவிடும். பாதையின் பெயர் அப்போது குருதைப் பாதை. பர்லியாருக்கு மேலே, மலை ரோடு போடுவதற்கு முன்பு, வெள்ளைக்காரர்கள் குதிரையில் குன்னூர் ஏறிய வழி. குதிரையைத்தான் லயத்துப் பெரியவர்கள் குருதை என்பார்கள். எங்கள் காலத்தில் குதிரை எங்கே இருந்தது? நாங்கள் நடந்தோம், காட்டுமாடுகள் நடந்தன.

பாதை முழுக்க முக்குகள். முக்குக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது; மூடுபனி இறங்கினால் இந்தப் பக்கமே தெரியாது. அதனால் ஒவ்வொரு முக்கிலும் நின்று குரல் கொடுப்போம். மாடு நின்றால் விலகிப் போகும். ஆள் வந்தால் பதில் குரல் வரும். அதைக் கேட்டபிறகுதான் திரும்புவோம்.

ஆளுக்கொரு குரல். செபஸ்தி அண்ணன் மாதாகோவில் பாட்டில் முதல் அடியை எடுத்துவிடுவார், சுதி தப்பி.

"ஒன் பாட்டுக்கு மாடு பயந்து போகலண்ணே, மனசு நொந்து போவுது" என்பாள் அம்மா.

"ஒன் குரலுக்குக் கீழ ரோட்டுல பஸ்ஸே நின்னுருது. மொதல்ல அதப் பாரு."

அம்மாவின் குரல் நீளமான "ஊ...வ்". மேலே ஏறி, மெல்ல இறங்கும். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தபோது, அங்கிருந்து கொண்டுவந்ததில் தொலையாதது அது ஒன்றுதான் என்பாள். என்னுடையது கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையின் குரல். ஆனாலும் பலாமரத்து முக்கில் நான் கத்தினால் கீழே லயத்தில் அம்மாவுக்குக் கேட்கும். பதில் கொடுத்துவிட்டு அடுப்பில் தேத்தண்ணி வைப்பாள். நான் வாசலில் கால் வைக்கும்போது கொதித்திருக்கும்.

பிறகு சைக்கிள்காரர்கள் வந்தார்கள். அம்மா பாக்டரி வேலை முடிந்து வரும்போதெல்லாம் "ஸ்ஸ்" என்றார்கள். முதலில் சிரித்துக்கொண்டாள். ஒருநாள் ஒரு பெண் செல்போனை நீட்டி, "இன்னொரு வாட்டி கத்துங்க பாட்டி, வீடியோ எடுத்துக்கறேன்" என்றாளாம். "பாட்டியாம்டி!" என்று போனில் குமுறினாள். கூப்பிட்ட முறைக்குத்தான் கோபம். ஆனால் அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

போன மாதம், இதே முக்கில், மண் சுவரை ஒட்டிச் சத்தமில்லாமல் வந்தவள் மேல் சத்தமில்லாமல் வந்த சைக்கிள் ஏறியது. கணுக்கால் எலும்பு முறிந்தது. ஜீப்பில் ஏற்றும்போது இடித்தவன் கேட்டானாம்: "ஏம்மா, முக்குல வர்றப்ப ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"நீ என்ன சொன்ன?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வலியில என்னத்தச் சொல்ல? சரி தம்பி, அடுத்த தடவ குடுக்கறேன்னேன்."

கட்டுப் பிரித்ததும் அவள் வேலைக்குப் போயாக வேண்டும். பாக்டரிக்கு இதுதான் குறுக்குவழி. எஸ்டேட் ரோடு மலையையே சுற்றுகிறது, நல்ல காலுக்கே அது அதிகம். அதனால் பஸ்ஸிலேயே மனதுக்குள் வரிசை போட்டு வந்திருந்தேன். ஒன்று, சைக்கிளுக்கு மணி. இரண்டு, நடப்பவர்கள் குரல் கொடுக்கலாம் என்று பலகையில் ஒரு வரி. மூன்று, மன்னிப்பு. மூன்றாவதை விட்டுக்கொடுக்கலாம் என்று அடைப்புக்குறி வேறு. இப்படி ஆயத்தமாகப் போகிறவர்களுக்கு உலகம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றையும் அவனிடம் சொன்னேன்.

"மணி வெச்சா காட்டோட ஃபீலே போயிருங்க மேடம். பெங்களூர்ல இருந்து அமைதிக்காகத்தான் வர்றாங்க."

"எங்கம்மா கால் உடைஞ்சப்பவும் அமைதியாத்தான் இருந்துச்சு."

"அதான் ஜீப்புல கொண்டுபோனமுங்களே? அவங்கள எஸ்டேட் ரோட்டுல சுத்தி வரச் சொல்லுங்க. அதுதான் சேஃப்டிங்க."

அவன் முகத்துக்கு நேராக நின்று, வயிற்றிலிருந்து எடுத்து, இன்னொரு முறை கத்தினேன். பூனைதான், ஆனால் இந்த முறை கடிக்கிற பூனை. பின்னால் சைக்கிளைப் பிடித்து நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவன் மறுபடி விரலை உதட்டுக்குக் கொண்டுபோனான். நான் கீழே லயத்தின் பக்கம் காதைக் கொடுத்து நின்றேன்.

பதில் வரவில்லை. செபஸ்தி அண்ணன் இறந்து வருடங்கள் ஆகின்றன. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் திருப்பூரில். ஆனால் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். காலில் கட்டோடு எங்கே போவாள்? காற்று மாறி அடித்திருக்கும், கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் கால் வைத்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேக்காம? ரெண்டு தடவ கேட்டுச்சு."

"பின்ன ஏம்மா பதில் குடுக்கல?"

அம்மா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மேல அந்தத் தம்பிங்க இருப்பாங்கடி. திட்டுவாங்க."

சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அதையும் மெல்லத்தான் சொன்னாள்.