ஊதாக் கோடும் மூன்று விரல்களும்

பரமசிவம் அண்ணன் காலமானார் என்று செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குத் தொலைபேசி வந்தது. அவனியாபுரம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பதினைந்து வருஷம் ஒரே ஆய்வகத்தில் அவரோடு மல்லுக்கட்டியவன் நான். “வாரேன் மாப்ள” என்று மூன்று தடவையாவது சொல்லாமல் படியிறங்க மாட்டார். இந்த முறை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பேரையூர்க்காரர். அவருக்குச் சூரியன் மேல் அப்படி ஒரு பித்து. சூரியனுக்குள் நடப்பதுபோல் அணுக்களை இணைத்துப் பார்க்க, வடக்கே ஓர் ஆய்வகத்தில் பெரிய எந்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் கொதிக்கும் வாயுவான பிளாஸ்மாவில் துளி அழுக்குச் சேர்ந்தாலும், சூடு ஒளியாக வெளியேறி ஆறிப்போகும். என்ன அழுக்கு என்பதை அந்த ஒளியே காட்டிக்கொடுக்கும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள். நாங்கள் முழ நீளக் கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜனை ஒளிரவைத்துப் பழகினோம். முதன்முதலில் கோடுகள் தெரிந்தபோது நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். “தொடாமலே நாடி பிடிக்கிறோம், பாத்தியா?” என்றார் அண்ணன்.

ஒரு விஜயதசமியன்று, குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சப் புது உலோக மின்முனை மாட்டி, மின்சாரத்தையும் கூட்டினோம். ஒளிப்படத் தட்டில் அதுவரை இல்லாத ஒரு கோடு, ஊதாப் பகுதியில். கால்சியம்! சூட்டில் கண்ணாடிச் சுவரே அதைக் கக்குகிறது என்று கட்டுரை எழுதி, டைப் அடித்தும் முடித்தோம். அதைப் பார்த்துவிட்டு வடக்கே இருந்த அந்த ஆய்வகம் அண்ணனை வேலைக்கு எடுப்பதாக இருந்தது. அந்த ஒரே ஆசையில்தான் அவர் அத்தனை வருஷம் உழைத்தார்.

தபாலில் சேர்க்கவேண்டிய அன்று முகம் வெளுத்து வந்தார். காலையில் நெற்றிக்கு விபூதி இடும்போதுதான் ஞாபகம் வந்ததாம். முந்தின நாள் ஆயுத பூஜையில், மாட்டுவதற்கு முன் அந்த மின்முனைக்கும் தன் கையாலேயே மூன்று விரல் பட்டை போட்டிருக்கிறார். விபூதியில் கால்சியம் இருக்கிறதே! மின்முனையைத் தேய்த்துக் கழுவி மறுபடி மாட்டினோம். கோடு போன இடம் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், யாருக்கண்ணே தெரியப்போகிறது, அனுப்பித் தொலைப்போம் என்று சண்டை போட்டேன்.

“கோடு என் விரல்ல இருந்து வந்திருக்கு மாப்ள. கண்ணாடி மேல பழியப் போடச் சொல்றியா?”

நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினார். அழைப்பு வரவே இல்லை. அதற்காக அவர் புலம்பி நான் கேட்டதில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கும் விபூதி இட்டார், அலமாரிக் கதவுக்கு மட்டும். இப்படியும் ஒரு மனிதரா என்று அன்று மலைத்தவன்தான், இன்னும் அந்த மலைப்பு தீரவில்லை.

கோடு பதிந்த அந்த ஒளிப்படத் தட்டைத் தூக்கிப்போடச் சொன்னார். நான் கேட்கவில்லை. புதன்கிழமை தத்தனேரிச் சுடுகாட்டில் அவர் மகனோடு சேர்ந்து அஸ்தியை அள்ளியபோது என் விரல்களிலும் சாம்பல் ஒட்டியது. எலும்பும் கால்சியம்தானே. வீட்டுக்கு வந்ததும் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை போல அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன், அண்ணன் விரலிலிருந்து.