அண்ணி பில்டு போடுகிறார்

திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இருநூற்று நாற்பது பிழை என்கிறது கணினி. அண்ணி அலட்டிக்கொள்ளாமல் ஓர் அட்டையை எடுத்து, முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மீதித் திரையை மறைக்கிறார். "முதல் தப்பை மட்டும் பாரு. மிச்சதெல்லாம் அதோட பிள்ளைகுட்டி." விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியைப் போட்டு, எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவமாக்கும் பில்டு பொத்தானை மறுபடி அழுத்துகிறார். அத்தனை பிழையும் போன இடம் தெரியவில்லை.

ஆறு வருஷமாக எதிர்மேஜைக்காரன் நான். அவர் எனக்கு அண்ணி முறை இல்லை, எங்கள் இயக்குநருக்கும் இல்லை. இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்த அவருடைய கொழுந்தன், அண்ணி வந்த முதல் நாளே எல்லார் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தார். அன்று ஒட்டிக்கொண்டதுதான். வாசல் காவலாளி வரைக்கும் இப்போது அண்ணிதான்.

இங்கே விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளை எழுத எளிமையான ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். எழுதச் சுகம், ஓட்டினால் ஆமை. அதில் எந்த இடம் இழுக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் வேகமாக ஓடும் சி என்ற நிரல்மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது கணினியின் மொழிக்கு மாற்றி, மென்பொருளோடு கோத்துவிடுவது அண்ணியின் வேலை. பில்டு ஒரே தடவையில் வந்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது. "இது நல்லதுக்கில்லையே" என்று முகவாயைச் சொறிவார்.

போன மாதம் கொழுந்தனுக்குக் தலைக்கு மேல் கத்தி. குழந்தைகளை ஸ்கேன் எடுக்கும்போது படம் தெளிவாக விழுந்ததா என்று, பதிவைப் படமாக்கும் கணக்கு முடிந்தால்தான் தெரியும். அதுவரை குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும். கொழுந்தன் எழுதிய அந்தக் கணக்குக்கு எட்டு நிமிஷம் ஆனது. அண்ணி அதை நாலாக்கினார். ஒரு நிமிஷத்துக்குள் வராவிட்டால் மருத்துவமனை கைகழுவிவிடும், திட்டத்தோடு கொழுந்தனின் வேலையும் போய்விடும். பார்த்து முடிவு சொல்லப் புதன்கிழமை மூன்று மணிக்கு அங்கிருந்து ஒரு டாக்டரம்மா வருவதாக ஏற்பாடு.

கொழுந்தன் புதுவழி ஒன்று கண்டுபிடித்துத் தர, அண்ணி அதை எழுதினார். பில்டு ஆனது. ஓட்டினால் அதே நாலு நிமிஷம். மாற்றினார்கள், திருத்தினார்கள், இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நாலு நிமிஷம் நாலு நிமிஷமாகவே நின்றது. கொழுந்தன் சாப்பாட்டை மறந்து, தன் கணக்கே தப்பு என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு வேலை போனால் பகல் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருப்பான், நினைத்துப் பாருங்கள் என்று அண்ணி என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கும் பயம்தான்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவருக்கு என்ன தோன்றியதோ, நிரலின் நட்டநடுவில் 'சோறு ஆறிப்போச்சு' என்று அடித்துவிட்டு பில்டு போட்டார். நிரலை மாற்றித் தரும் கம்பைலர், இது என்ன உளறல் என்று ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். ஒரு சிவப்பு வரிகூட இல்லை. கமுக்கமாக, எல்லாம் சரி என்றது.

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். திங்கட்கிழமை, புதுவழியை எழுதத் தொடங்குமுன், எதற்கும் இருக்கட்டும் என்று அவரே மொத்த நிரலையும் இன்னொரு கோப்புறையில் நகல் எடுத்து வைத்திருந்தார். பில்டு பொத்தான் அந்தப் பழைய நகலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளாக அதையே திரும்பத் திரும்பக் கம்பைல் செய்திருக்கிறது. திருத்தியது ஒன்று, ஓடியது வேறு. விஷயத்தை அமுக்கியிருக்கலாம். அவர் நேரே கொழுந்தனிடம் போனார்.

"தப்பு என்னோடது தம்பி. உன் கணக்கு சரியாத்தான் இருக்கு."

"ரெண்டு நாளா என்னையே திட்டிட்டிருந்தேன் அண்ணி."

"அதுல பாதியை இப்ப எனக்குக் குடு."

கொழுந்தன் சிரித்துவிட்டார்.

பொத்தானைச் சரியான கோப்புறைக்குத் திருப்பி, சோற்று வரியை அழித்து, கம்பைல் செய்து ஓட்டினார்கள். நாற்பத்திரண்டு விநாடி. மூன்று மணிக்கு வந்த டாக்டரம்மாவின் முன்னாலும் அதே நாற்பத்திரண்டு. அவர் உதட்டைப் பிதுக்கினார். வேகம் சரி, ஆனால் நாலு வயசுக் குழந்தை நாற்பது விநாடி சும்மா இருக்குமா என்று கேட்டார். கொழுந்தனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவை ஓட்டு தம்பி," என்றார் அண்ணி.

கொழுந்தன் ஓட்டினார். நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்தோம். டாக்டரம்மா மட்டும் அண்ணியைப் பார்த்தார். நானும் திரும்பினேன். அண்ணி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கைகளைத் தொடைமேல் வைத்து, ஸ்கேனில் படுத்த குழந்தைபோலச் சிலையாகிவிட்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் ஒரு முடி பறந்துவந்து மூக்கின் நுனியில் உட்கார்ந்தது. மூக்கு துடித்தது, கை எழவில்லை. படம் வந்துவிட்டது என்று கொழுந்தன் சொன்ன பிறகுதான் அண்ணி கண்ணைத் திறந்தார், மூக்கைப் பரபரவென்று சொறிந்துகொண்டார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "சரி, குழந்தையும் இருந்துடும்" என்று தலையாட்டினார்.