திரைக்குப் பின்னால் ஒரு மதியச் சாப்பாடு

லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறேன். வழியில், வளைகுடாவின் தீவு நகரமான மனாமாவில் ஆறு மணி நேரம் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே வேலை செய்யும் என் கணவர் அரை நாள் லீவு போட்டு வந்து என்னைச் சாப்பிட அழைத்துப் போகிறார். திருத்தணி மலையில் தாலி கட்டிய நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். நேரில் பார்த்து மூன்று வருடமாகிறது.

ஓட்டல் வாசலில் பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்து, "ஃபேமிலியா?" என்கிறார்.

"ஆங், ஃபேமிலி," என்கிறார் இவர், கொஞ்சம் சத்தமாகவே.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று திரை போட்ட சின்ன அறையில் உட்கார்கிறோம். "டெய்லி இங்கதான் துன்றேன். வெளிய, ஆம்பளைங்க உக்கார்ற டேபிள்ல. உள்ள வந்ததே இல்ல."

மீன் வருகிறது. முள்ளை எடுத்து எடுத்து என் தட்டிலேயே வைக்கிறார்.

"நீயும் துன்னு பாவா."

"எனக்கு தெனமும் இதானே. நீ துன்னு."

அடுத்து எப்போது பார்ப்போம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தாயிற்று, டீயும் வந்து ஆறிக் கிடக்கிறது. விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

திரைக்கு வெளியே பரிமாறுகிறவரின் குரல்: "வேற எதுனா வேணுமா?"

"இன்னும் ரெண்டு டீ," என்கிறேன் நான்.