அப்பாவின் குதிகாலில் ஒரு கறுப்பு

எங்கள் வீட்டில் சன்ஸ்கிரீன் பூசுகிற ஒரே ஆள் நான்தான். காலேஜ் முடித்த திமிர் வேறு. ரப்பர் ஷீட் காயப்போட மொட்டை வெயிலில் நிற்கும் அப்பாவிடம் தினமும் கத்துவேன்.

"தொப்பி வைங்கப்பா, முழுக்கைச் சட்ட போடுங்க. ஸ்கின் கேன்சர் வரும்."

"எனக்க கறுப்புக்கு வெயிலு என்னட்டி செய்யும்? அது வெள்ளக்காரனுக்க சீக்கு."

இப்படிச் சண்டை போட்டோமே தவிர, அவர் காலை யாரும் பார்க்கவில்லை. அப்பாவின் இடது குதிகாலில் ஒரு கறுப்பு. கால் ஆணி என்று அவரே முடிவுகட்டி, ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டைத் தீக்குச்சியில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் மரு, ஆணி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தோல் வெந்து உரியும். கறுப்பு போகாது. மறுபடி வைப்பார்.

தக்கலையில் செருப்பு வாங்கப் போனோம். அளவு பார்க்க அப்பாவின் காலைத் தூக்கிய கடைக்கார அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

"இது எத்தன நாளா இருக்குண்ணே?"

"ஆணிதான். ஆசிட்டு வைக்கேன்."

"ஆணி கறுத்துப் பரவுமா? ஓரத்தப் பாருங்க, கோணலும் மாணலுமா கெடக்கு. எனக்க மச்சினனுக்கும் இப்படித்தான். ஆசுபத்திரில காட்டும்போ நேரம் கடந்து போச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நீங்க செருப்பு விக்கியளா, வைத்தியம் பாக்கியளா? உள்ளங்கால்ல எங்க வெயிலு படுகு?"

"படிச்ச புள்ளதானே, டாக்டருட்ட போயி இதையே கேளு. இண்ணைக்கு ஒங்களுக்குச் செருப்பு கெடையாது."

நிஜமாகவே செருப்புப் பெட்டியை மூடிவிட்டார். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். கேன்சர்தான். வெயிலால் முகத்திலும் கையிலும் வரும் வகைகள் உண்டு, அதற்குத் தொப்பியும் சட்டையும் வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் இந்த வகை வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும், ஏன் வருகிறது என்று முழுசாகத் தெரியாது. ஆறாத புண், பெரிதாகும் அல்லது நிறம் மாறும் மச்சம் என்றால் உடனே காட்ட வேண்டும். ஆசிட் வைத்து அப்பா நோயைத் தீர்க்கவில்லை, நாளைத்தான் கடத்தியிருக்கிறார்.

குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். தொடை இடுக்கு வரை பரவியிருக்கிறதா என்ற ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் யாரோடும் சண்டை போடவில்லை.

பரவவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறி நேராகக் கடைக்குத்தான் போனேன். வழியெல்லாம் யோசித்து வைத்த நன்றியைச் சொல்லத் தொடங்குமுன்பே அழுதுவிட்டேன். அண்ணாச்சி என்னையே பார்த்தார்.

"அப்பனுக்குச் சொவந்தானா?"

"பரவல்ல அண்ணாச்சி. நீங்க மட்டும் அண்ணைக்குச் செருப்பு தந்திருந்தா..."

"பின்ன எதுக்குட்டி அழுகே? இப்படி இரி. அந்தச் செருப்பக் கழத்து, ஒனக்க காலக் காட்டு."

மறுபேச்சில்லாமல் காட்டினேன்.