வெள்ளை விரிப்பும் சருகுப் புகையும்

புவாகத்துக்கு அருவருப்பு பிறவிக் குணம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பல் குத்தினால் இறங்கும்வரை எழுந்து நின்றுகொண்டே வருவாள். கல்யாணமான புதிதில் கணவன் குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்துத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள், அவர் சாகும்வரை வாசலில்தான் சாப்பிட்டாள். இப்படிப்பட்டவள் ஊரார் அழுக்கைத் துவைத்துப் பிழைப்பது சந்துக்காரர்களுக்கு வேடிக்கை. அவளுக்கு அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. அழுக்கைக் கண்ணெதிரே ஒழித்துக்கட்டுகிற தொழில் வேறு எது?

வடக்குத் தாய்லாந்தில், சியாங் மாய் நகரின் பழைய மதிலுக்கு வெளியே, ஒரு சின்ன விகாரைக்கு எதிரே இருந்தது அவளுடைய சலவைக்கடை. விடுதிகளின் படுக்கை விரிப்புகள்தான் அதிகம் வரும். எல்லாம் வெள்ளை. கடையை ஒட்டிய முற்றத்தில் கொடி கட்டிக் காயப்போடுவாள்.

குளிர் விட்டதும் விகாரையின் தேக்கும் தூங்குமூஞ்சி மரமும் இலையைக் கொட்டத் தொடங்கும். தேக்கிலை ஒவ்வொன்றும் முறம் அகலம். விகாரைக் காரியங்களைப் பார்த்துவந்த சிங்கேவ் அவற்றைக் கூட்டிக் குவித்து மாலையில் நெருப்பு வைப்பார். எரிக்கக் கூடாதென்று நகராட்சி ஆணை வந்த பிறகு விடியற்காலையில் வைத்தார். ஆணையால் வந்த மாற்றம் அவ்வளவுதான். மலைக்காட்டுப் புகையிலேயே ஊர் மூச்சுத் திணறுகிற மாதங்கள் அவை. அதன்மேல் இதுவும்.

ஒருநாள் ஒரு விடுதிக்காரி, துவைத்து மடித்த விரிப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"அக்கா, இது துவைச்சதா, சுட்டதா?"

இருபது வருஷத் தொழிலில் அப்படியொரு சொல்லைப் புவாகம் கேட்டதில்லை. விரிப்பை வாங்கிக்கொண்டு நேரே எதிரே இருந்த விகாரைக்குப் போய் சிங்கேவின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மோந்து பாருங்கண்ணே."

"புகை வாசனைதானே. கோழி சுட்டா மட்டும் நல்லாருக்கா?"

"கோழியை யாரும் போர்த்திக்கிட்டுத் தூங்கறதில்ல."

"அப்ப இத்தனை இலையையும் நான் தின்னவா? குப்பை வண்டிக்காரன் இலை மூட்டையைத் தொடவே மாட்டேங்கறான். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. துணி கொடுக்கப் போகும் ஒரு பள்ளிக்கூடத்தில், கோழிவலைக் கம்பியை வட்டமாக வளைத்து நிறுத்தி, சருகைப் போட்டு, சாணம் தெளித்து நனைத்து வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் மண்ணாகிவிடும் என்றார்கள். பெரிய பிக்குவிடம் போய்க் கேட்டாள். "புகை இல்லேன்னா என் இருமலும் நிக்கும், செய்யும்மா," என்றார் அவர். விகாரைச் சுவரோரம், சந்துமுனையில், கூண்டு எழுந்தது. சிங்கேவ் முணுமுணுத்துக்கொண்டே சருகை அள்ளிப் போட்டார். விடியற்காலைப் புகை நின்றது.

ஆனால் வாய் திறந்த எதையும் சந்து சும்மா விடாது. முதலில் ரப்பர் போட்டுக் கட்டிய நூடுல்ஸ் பை ஒன்று வந்து விழுந்தது. பிறகு மீன் குடல். பிறகு, குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய, வெயிலில் ஊதிப்போன டயப்பர்கள். புவாகம் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, துணி கிளறுகிற நீளக் கழியால் ஒவ்வொன்றாக எடுத்து அப்புறப்படுத்தினாள். அன்றன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கழியையும் பிறகு தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கினாள்.

அதிகம் வந்து விழுந்தது பன்றிக் கொழுப்பும் கடித்துப்போட்ட எலும்பும். சந்து வாயிலில் கரியடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுகிற கடை வைத்திருந்தவள் ரத்தியா. வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில் புவாகம் ஒழுகுகிற பையைக் கழிமுனையில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"ரத்தியா, இது எந்த மரத்துல காய்ச்சது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, இலை மக்கும், எலும்பு மக்காதா?"

"பிளாஸ்டிக் பையும் மக்குமா?"

"கோயில் சுவத்தோரம் கிடக்கிறது உங்க பாட்டன் சொத்தாக்கா? ஊருக்கே பொதுதானே."

மேசைகளில் சிரிப்பு எழுந்தது. புவாகம் பையைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வெளியேறினாள். வீட்டுக்கு வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், முந்தின இரவு அடுப்புக் கரியை ரத்தியா கூண்டில் கொட்டினாள். சாம்பலுக்குள் கங்கு இருந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் சருகு கனன்றது. கூடவே கொழுப்பும் பிளாஸ்டிக்கும் டயப்பரும் எரிந்தன. சிங்கேவ் எரித்த காலத்தில் வந்தது புகை. இது வேறு. மஞ்சளும் கறுப்புமாக, நாக்கில் ஒட்டுகிற புகை. கொடியில் இருந்த அத்தனை விரிப்பிலும் எண்ணெய்க் கரி பூப்பூவாக வந்து உட்கார்ந்தது.

புவாகம் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். பிக்குகள் வாளிகளோடு வந்தார்கள். ரத்தியாவும் கடைப் பானைகளோடு ஓடிவந்தாள். அணைத்து முடித்தபோது சந்து முழுக்கக் கறுப்புக் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. புவாகம் சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

ரத்தியா வந்து முதுகைத் தடவினாள். "கரி அணைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்க்கா. சத்தியமா."

"கையை எடுடி. கொழுப்பு நாறுது," என்று சொல்லிவிட்டு மறுபடி வாந்தி எடுத்தாள் புவாகம்.

சிங்கேவ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "நான் எரிச்சப்ப வெறும் இலை நாத்தம்தான் வந்துச்சு," என்றார்.

அது உண்மை என்பதுதான் அவளை அறுத்தது. சருகை நம்பலாம், மனுஷரை நம்ப முடியாது என்று முடிவு கட்டினாள். மறுநாள் ரத்தியா யாரும் கூப்பிடாமலே வந்து துவைகல்லருகே உட்கார்ந்து விரிப்புகளைத் தேய்த்தாள். ஒன்றிரண்டு விரிப்பில் கறை போகவே இல்லை.

புதுக் கூண்டைப் புவாகம் தன் முற்றத்துக்குள்ளேயே கட்டி, முற்றத்துக் கதவுக்குப் பூட்டும் போட்டாள். கொடியை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டாள். சருகு மூட்டையோடு வருகிறவர் அவள் கண்முன் தரையில் கொட்டிக் காட்ட வேண்டும். கழியால் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். ஒரு மிட்டாய்க் காகிதம் இருந்தாலும் மூட்டை திரும்பிப் போகும். சந்து அவள் வீட்டுக்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்தது. ரத்தியாவின் கடை முன்னிருந்த மாமரத்துச் சருகும் அங்கே வந்தது. அதை மட்டும் இரண்டு தடவை கிளறினாள்.

மழை பிடித்ததும் குவியல் தாழ்ந்து கறுத்தது. கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. புவாகம் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். சிங்கேவ்தான் கிளறினார். ஒரு பிடி அள்ளி அவளிடம் நீட்டினார்.

"மழை வாசனை அடிக்குது பாரு."

"புழு வாசனைதான் அடிக்குது. தள்ளிப் போங்க."

சருகை எரிக்காமல் மக்கவைப்பதைப் படம் எடுக்க நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். அந்த மண்ணை இரண்டு கையிலும் ஏந்திச் சிரிக்கச் சொன்னார்கள். கையுறை தந்தும் அவள் தொடவில்லை. ரத்தியா முன்வந்து ஏந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தப் படம்தான் அறிவிப்புப் பலகையில் வந்தது. அதில் புவாகத்துக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அடுத்த கோடையிலும் மலைப்புகை வழக்கம்போல் வந்தது. விகாரைப் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து ஒருத்தி, தங்கள் பக்கமும் இப்படிச் செய்யவேண்டும், என்னென்ன வாங்கவேண்டும் என்று கேட்டு வந்தாள்.

"முதல்ல ஒரு பூட்டு வாங்கு," என்றாள் புவாகம். "கம்பிவலை அப்புறம்."