செக்போஸ்ட் இரும்பில் செய்த ஆள்

ஆனேக்கல்லுக்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லையில் இருந்த செக்போஸ்ட்டை வேறு ரோட்டுக்கு மாற்றி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. குறுக்குக் கம்பம், சிவப்பு விளக்கின் கூடு, ஓர் இரும்பு நாற்காலி. புதரில் மிச்சம் கிடந்தவை இவைதான். பழைய இரும்பு எடுப்பவரிடம் கேட்டு வாங்கி, டெம்போவில் ஜீவனஹள்ளிக்குக் கொண்டுவந்தேன். நான் வாசல் கேட், ஜன்னல் கிரில் செய்கிற வெல்டர். படித்தது நாலாம் வகுப்பு. பொம்மை எதுவும் அதற்கு முன் செய்ததில்லை.

நாற்காலியை வெட்டிக் கைகால் செய்தேன். விளக்குக் கூடு தலையானது. கம்பத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிற ஆள்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது அண்ணன் தன் லாரியில் அண்ணியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினார். எல்லையில் அந்தக் கம்பம் இறங்கியிருந்தது. அங்கேதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

"போய்த் தூக்கச் சொல்லு தம்பி" என்றாள் அண்ணி.

இறங்கிப் போனேன். காவலுக்கு நின்றவரிடம் தமிழில் பேசப் பயம். கன்னடம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் எந்த வார்த்தையில் தமிழ் வாடை அடிக்குமோ என்று மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் திக்கித் திக்கிச் சொன்னதும் அவர் தமிழில் கத்தினார்.

"ஏம்பா, வாயில என்ன கொழுக்கட்டையா? வந்ததும் சொல்றதுக்கென்ன!"

உடனே கம்பத்தைத் தூக்கினார். நான் லாரியை ஓட்டி ஓசூர் போவதற்குள் அண்ணன் இறந்துவிட்டார்.

'கேட்டுக்கிட்டேதான் இருந்தேன், தூக்கல' என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

பொம்மை முடிந்ததும் அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டேன்.

"யாரு இது? உங்க அண்ணனா?"

"நான், அண்ணி."

"அதானே. உன்னை மாதிரியே முழிக்குது."

"அன்னிக்கு நான் கேக்கவே இல்ல அண்ணி. சும்மா நின்னுட்டேன். அந்தாளு தமிழ்க்காரரு."

"தெரியும். அவரு கத்தினது வண்டி வரைக்கும் கேட்டுச்சே." அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். பத்து வருஷம் ஆயிடுச்சுப்பா."

கம்பத்தின் அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு முனையிலும் வெல்டு வைத்திருந்தேன். அது அசையவில்லை.